வாய் திறக்காத பயணி

எங்கள் தீவின் கடல் அம்மன் மாட்சூ வருடத்துக்கு ஒரு தடவை பிறந்த வீட்டுக்குப் போய் வருவாள். பிறந்த வீடு என்பது கடலுக்கு அந்தப் பக்கம், பெரிய தீவில் இருக்கிற பழைய மாட்சூ கோயில். அங்கே சில நாள் தங்கி, தாய்க்கோயில் தூபச் சட்டியிலிருந்து ஒரு பிடி சாம்பல் வாங்கிக்கொண்டு, மூன்றாம் மாதத்தில் வரும் தன் பிறந்த நாளுக்குள் வீடு திரும்ப வேண்டும். பிறந்த நாளன்று பல்லக்கில் ஏறித் துறைமுகம் வரை ஊர்வலம் போவாள். அவள் வந்து பார்த்த பிறகுதான் படகுகள் கணவாய் மீன் பிடிக்கக் கிளம்பும். போன பெண் நேரத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் உள்ள விதிதான். இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

கப்பலில் போனால் அம்மனுக்கு ஒன்றும் ஆகாது. கூடப் போகிறவர்களுக்குத்தான் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் சில வருடங்களாக விமானம். அம்மன் முழங்கை உயரம்தான், ஆனாலும் அவளுக்குத் தனி டிக்கெட், தனி இருக்கை. மடியில் வைத்துக்கொண்டு போவது மரியாதை இல்லை. டிக்கெட்டில் அவள் மனுஷியாக இருந்தபோது வைத்த பெயர் இருக்கும்: செல்வி லின் மோ-நியாங். அவள் பிறந்தது தொள்ளாயிரத்து அறுபதில். கம்பெனியின் கம்ப்யூட்டரில் வருடத்துக்குக் கடைசி இரண்டு எண் போடத்தான் இடம். அறுபது என்று போட்டார்கள். கம்ப்யூட்டர் அதைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டு, அறுபது தாண்டிய, கல்யாணம் ஆகாத பெண்மணி, முதியோர் வரிசையில் முன்னால் ஏறலாம் என்று சொல்லிவிட்டது. அதற்கும் எங்கள் ஊரில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அவள் முன்னால் ஏற வேண்டியவள்தானே.

இந்த வருடம் அம்மனுக்குத் துணை என் மாமியார். பெயர் சியூ-மான். தன்னோடு போய் வரும் வருடத் தலைவரை அம்மனேதான் தேர்ந்தெடுப்பாள். அதற்கு இரண்டு பிறைக்கட்டைகள் இருக்கின்றன. சிவப்பு மரம், ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் உப்பல். கேள்வியைக் கேட்டுவிட்டுத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையும் ஒன்று உப்பலுமாக விழுந்தால் சரி என்கிறாள். இரண்டும் உப்பலாக விழுந்தால் முடியாது என்கிறாள். இரண்டும் தட்டையாக விழுந்தால் சிரிக்கிறாள் என்று அர்த்தம். எதற்குச் சிரிக்கிறாள் என்று நாம்தான் யோசித்துக்கொள்ள வேண்டும். இந்தத் தடவை ஊர் ஆம்பளைகள் எல்லாருக்கும் சிரித்துவிட்டு, அத்தைக்கு மட்டும் தொடர்ந்து சரி சொன்னாள்.

போன வருடத் தலைவர் ஓங்குக்கு அது தாங்கவில்லை. ஓங் ஐஸ் தொழிற்சாலை வைத்திருப்பவர், கோயில் கமிட்டியில் விதி தெரிந்தவர். பொம்பளை கையில் அம்மனைக் கொடுத்தால் எப்படி என்று துறைமுகத்தில் எல்லாரிடமும் கேட்டுக்கொண்டு இருந்தார். அம்மன் மட்டும் என்ன மீசை வச்சிருக்காளா என்று அத்தை கேட்டனுப்பினார். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் விஷயம் முடியவில்லை. பிறந்த நாளன்று பொழுது சாய்வதற்குள் தலைவர் தன் கையால் அம்மனைப் பல்லக்கில் வைக்க வேண்டும். வைக்க முடியாமல் போனால் அந்த வருடம் மீன் படாததற்கும் காற்று அடித்ததற்கும் யார் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போனதற்கும் அந்தத் தலைவர்தான் பொறுப்பு. இனி ஒரு பெண்ணைத் தலைவியாக்குவதா என்ற கேள்விக்கும் அதோடு பதில் சொல்லியாகிவிடும்.

நான் கூடப் போனது பை தூக்க. என் மகளுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. விட்டுவிட்டு வர முடியாததால் அவளும் வந்தாள்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். அம்மனுக்குக் கால் வைக்க, அதாவது பீடம் வைக்க, இடம் வேண்டும் என்று அவசரக் கதவுப் பக்கத்து வரிசையில் இருக்கை கொடுத்திருந்தார்கள். யி-ஜுன் என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் வந்து, ஆபத்து நேரத்தில் கதவைத் திறந்து மற்றவர்களுக்கு உதவுவீர்களா, வாயால் பதில் சொல்லுங்கள் என்று கேட்டாள். அத்தை ம் என்றார். பிறகு அவள் அம்மனைப் பார்த்துக் கேட்டாள். அம்மன் சும்மா இருந்தாள். மறுபடியும் கேட்டாள்.

"ஆயிரம் வருஷமா அவங்க அத மட்டும்தாம்மா பண்ணிட்டு இருக்காங்க," என்றார் அத்தை. "கடல்ல முழுகுறவன எல்லாம் யாரு கரையேத்துறாங்கன்னு நெனச்ச?"

"தெரியும்மா, நானும் கும்பிடுறவதான். ஆனா அவங்க வாயால சொல்லணும்."

அப்புறம் தொப்பியைக் கழற்றச் சொன்னாள். கிரீடம் தலையோடு சேர்த்துச் செதுக்கியது. அதுவும் நடக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள். என் மகள் ஏறினதிலிருந்து இறங்கும் வரை தொண்டை கிழியக் கத்தினாள். முன்னால் இருந்தவர் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். அவள் மேல் புகார் எதுவும் வரவில்லை. வாயே திறக்காத அம்மன் மேல்தான் வந்தது.

அது எங்களுக்குத் தெரிந்தது திரும்பும்போது. காற்று அதிகம் என்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். பிறந்த நாளுக்கு இரண்டு நாள் இருந்தது. விமான நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அம்மன் இருந்த சிவப்புப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு, கூட வருகிற இரண்டு பேரும் குழந்தையும் போகலாம், செல்வி லின் மட்டும் போக முடியாது என்றாள்.

உள்ளேயிருந்து திரு. வெய் வந்தார். அவர் பயணியர் நன்னடத்தை மேம்பாட்டுப் பிரிவின் பொறுப்பு உதவித் துணை மேலாளர். கழுத்தில் கம்பெனி அட்டையும், அதன் பின்னால் எங்கள் அம்மனின் சிவப்புத் தாயத்தும் தொங்கின. பெட்டிக்கு முன்னால் நின்று மூன்று தடவை இடுப்பு வளைத்து வணங்கினார். அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும், உத்தரவு அப்படி, என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு நிமிர்ந்து எங்களுக்குப் படித்தார். மேற்படி பயணி, கடமையில் இருந்த ஊழியர் பலமுறை பணிவுடன் கேட்டும் மறுமொழி கூறாமலும், தலையணியை அகற்றாமலும், மேலும் ஊழியரை இமைக்காது உற்று நோக்கியும் அன்னாருக்கு மனக்காயம் விளைவித்தமையால், இனி இந்நிறுவனத்தின் எந்த விமானத்திலும் ஏற்றப்படமாட்டார்.

"இமைக்காம பாத்தாங்களா? கண்ணுல பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கு, எப்படி இமைப்பாங்க?" என்றார் அத்தை.

வெய் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ மரச்சிலைன்னு சொல்றீங்களா? அப்படின்னா ஒரு சிக்கலும் இல்லம்மா. மரத்துக்கு நடத்தை கிடையாது. மரப்பொருள்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, சரக்கு அறையில இப்பவே ஏத்திடலாம். மீன் பெட்டிக்குப் பக்கத்துல இடம் காலியா இருக்கு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை திறந்த வாயை மூடிக்கொண்டார். சிக்கல் என்னவென்று எனக்கே புரிந்தது. அம்மன் மரம் என்றால் குற்றம் இல்லை, ஆனால் மீன் பெட்டியோடு போக வேண்டும். அதைவிடப் பெரியது, மரம் என்று தலைவியே கையெழுத்துப் போட்டதாக ஓங் காதுக்குப் போய்விடும். அம்மன் அம்மன்தான் என்றால் அவள் பயணி. பயணி என்றால் குற்றவாளி.

"அவங்க பயணிதான்," என்றார் அத்தை.

அப்படியானால் மேல்முறையீடு செய்யலாம் என்றார் வெய். வருத்தம் தெரிவிக்கும் குரலிலும் சந்தோஷம் தெரிந்தது. அந்தப் பிரிவு தொடங்கி இதுவரை ஒருவரும் முறையீடு செய்யவில்லையாம். விதி ஒன்றுதான். பயணி நேரில் வர வேண்டும், தன் வாயால் விளக்கம் சொல்ல வேண்டும்.

விசாரணை அறைக்குப் போனோம். சுவர் முழுக்க மரியாதைப் பயணம் என்று எழுதிய படங்கள். தாய்பேயிலிருந்து கழுத்தில் துண்டு சுற்றிய ஒரு வாத்தியார் வந்து நடத்திய வகுப்பாம் அது. புண்படத் தெரியாத ஊழியர் தன் மனதையே அறியாத ஊழியர் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து எல்லார் சட்டையிலும் ஒரு வட்ட அட்டை. ஒரு பக்கம் சிரித்த முகம், மறுபக்கம் அழுத முகம். மாதத்துக்கு ஒரு தடவையாவது அழுத முகத்தைத் திருப்பாதவரை மேலாளர் கூப்பிட்டு, உனக்கு உணர்ச்சி போதவில்லை என்று கண்டிப்பாராம். இதை எல்லாம் சொன்னது யி-ஜுன். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும்போது என் பக்கத்தில் குனிந்து சொன்னாள். அந்த மாதம் முடியப் போகிறது, அவளை ஒருத்தரும் புண்படுத்தவில்லை. அதனால் சண்டைக்கு வராத ஆளாகப் பார்த்துப் புகார் எழுதினாளாம்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அம்மன்னா பொறுத்துக்குவாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. நானும் அப்படித்தான். யாரிடமும் கேட்க முடியாததை எல்லாம் அம்மன் தலையில்தான் போடுகிறேன்.

கோட்டத் தலைவர் திருமதி ஃபாங் வந்து நடுவில் உட்கார்ந்தார். அவரும் முதலில் ஊதுவத்தி ஏற்றலாமா என்று கேட்டார். புகை கூடாது என்று வெய் விதியை எடுத்துச் சொன்னதால் ஏற்றாத ஊதுவத்தியைக் கையில் பிடித்து வணங்கினார். அம்மனைப் பெட்டியிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தோம். மேசைக்கு மேல் முகம் தெரியவில்லை என்று பயணச் சட்டப் புத்தகங்களை அடியில் அடுக்கினார்கள்.

அத்தை முதலில் பிடித்தது கம்ப்யூட்டரை. அதன் மேல் பச்சை நிறத்தில் ஒரு பொரி பாக்கெட் வைத்திருந்தார்கள். எங்கள் நாட்டில் அது இல்லாமல் எந்த மெஷினும் ஒழுங்காக நடக்காது, அதுவும் பச்சைப் பாக்கெட்டாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பாக்கெட்டின் தேதி முடிந்துவிட்டது என்று அத்தை காட்டினார். அதான் மெஷின் புத்தி கெட்டு, யாரைத் தடுக்கிறோம் என்று தெரியாமல் தடுக்கிறது. வெய் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்ப் புதுப் பாக்கெட் வாங்கிவந்து வைத்தார். எல்லாரும் காத்திருந்தோம். மறுபடியும் தட்டிப் பார்த்தார். போக முடியாது என்றே வந்தது.

"பாத்தீங்களா? புதுப் பாக்கெட் வச்சும் அதே பதில். இனி சந்தேகமே இல்ல," என்றார்.

அத்தை பையிலிருந்து பிறைக்கட்டைகளை எடுத்தார். அம்மன் இதில்தான் பேசுவாள், இதுதான் அவள் வாய் என்றார். அதிகாரிகள் மூலையில் கூடிப் பேசினார்கள். வாய் பேச முடியாத பயணிக்குச் சைகை மூலம் பதில் சொல்லும் சலுகை உண்டு, அதில் இதைச் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. ஆனால் வாய் பேச முடியாதவர் என்றால் முதல் குற்றமே இல்லாமல் போய்விடும் அல்லவா என்று அத்தை கேட்டார். அதை விமானம் ஏறும் முன்பே தெரிவித்திருக்க வேண்டும், தெரிவிக்காதது தனிக் குற்றம் என்று குறித்துக்கொண்டார்கள்.

விசாரணை ஆரம்பித்தது. ஊழியர் கேட்டது தங்கள் காதில் விழுந்ததா என்று திருமதி ஃபாங் கேட்டார். கட்டை சரி என்றது. விழுந்தும் ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்டார். கட்டைக்குச் சரி, முடியாது இரண்டும்தான் தெரியும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது என்று அத்தை விளக்கினார். விசாரணையிலும் பதில் சொல்ல மறுப்பு என்று வெய் எழுதினார். தங்கள் நடத்தைக்கு வருந்துகிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டு கட்டையும் தட்டையாக விழுந்தன.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"சிரிக்கிறாங்க."

திருமதி ஃபாங் பேனாவை வைத்துவிட்டார். விசாரணைக் குழுவைப் பார்த்துச் சிரித்த பயணி இதற்கு முன் இல்லை. மறுபடியும் போடச் சொன்னார். மறுபடியும் தட்டை. மூன்றாம் தடவையும் தட்டை. குழுவின் மாண்பைக் குலைக்கும் வகையில் தொடர்ந்து நகைத்தல் என்று ஒரு புதுக் குற்றம் சேர்ந்தது.

சாப்பாட்டு நேரம் வந்தது. பெட்டிச் சோறும் தேயிலை முட்டையும் வாங்கிவந்து முதலில் அம்மனுக்கு முன்னால் வைத்துவிட்டு எல்லாரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் வெய் அத்தை பக்கத்தில் வந்து தயங்கித் தயங்கி நின்றார். தாய்னானுக்கு மாறுதல் கேட்டிருக்கிறார், கிடைக்குமா என்று அம்மனிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா? அத்தை கேட்டார், அம்மன் சரி என்றாள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்தது திருமதி ஃபாங் மகனுக்குப் பெண் அமையுமா என்று கேட்டார். அதன் பிறகு பெட்டி தூக்குகிறவர்கள், சோதனைக் கதவுக்காரர்கள், இரண்டு விமானிகள் என்று கதவுக்கு வெளியே கூட்டம் நின்றது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் எல்லாரும் கலைந்துபோனார்கள். திருமதி ஃபாங் இடத்தில் உட்கார்ந்து, குற்றம் சாட்டப்பட்ட பயணியின் சொல்லை நம்ப முடியுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு முடியவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்கி மறுநாள் காலையில் மறுபடியும் போனோம். பிறந்த நாளுக்கு முதல் நாள் அது. அத்தைக்குக் கண் சிவந்திருந்தது. தலைவியாக அம்மனைக் கூட்டிவந்துவிட்டுக் கொண்டுபோய்ச் சேர்க்காமல் எந்த முகத்தோடு ஊருக்குள் நடப்பது என்று என்னிடம் சொல்லவில்லை. குழந்தையிடம் சொன்னார்.

திருமதி ஃபாங் இரக்கமான மனுஷி. இதை முடித்துவிடலாம் என்று நினைத்து, கடைசியாக ஒரு சுலபமான கேள்வி கேட்டார். இந்த நிறுவனத்தின் விமானத்தில் பயணம் செய்யத் தாங்கள் விரும்புகிறீர்களா? விருப்பம் என்று வந்தால் கருணை அடிப்படையில் ஏற்றிவிடலாம் என்று அவர் எண்ணம்.

கட்டை முடியாது என்றது. மறுபடியும் போட்டார் அத்தை. முடியாது. மூன்றாம் தடவை போடும்போது வெளியே காத்திருந்த பயணிகளும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடியாது.

வெளியே சத்தம் எழுந்தது. கடலில் போகிறவர்களைக் காப்பாற்றுகிற அம்மன் இந்த விமானத்தில் ஏற மாட்டேன் என்கிறாள். ஏன் மாட்டேன் என்கிறாள் என்று யார் விளக்கம் கேட்கப் போகிறார்கள்? மேல ஏதோ தெரிஞ்சிருக்கு அவங்களுக்கு, என்றார் ஒருவர். உடனே எல்லாரும் டிக்கெட்டைத் திருப்பித் தரப் போனார்கள். அதில் முதல் ஆளாக நின்றவர் அந்த விமானத்தை ஓட்ட வேண்டிய விமானி.

இதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக ஆனது. வெய் ஓடிவந்தார். தடை நீக்கப்பட்டது, முதல் வரிசையில் ஜன்னல் இருக்கை தருகிறோம், அம்மனிடம் மனசு மாறச் சொல்லுங்கள் என்றார். அத்தை, திருமதி ஃபாங் எழுந்த நாற்காலியைப் பார்த்தார். நிதானமாகப் போய் அதில் உட்கார்ந்தார்.

"அம்மன் எடுத்த முடிவ மாத்தணும்னா கம்பெனி முறைப்படி மேல்முறையீடு பண்ணணும்."

"பண்றோம்மா. என்ன வேணும்?"

"கம்பெனி நேர்ல வரணும். தன் வாயால மன்னிப்பு கேக்கணும்."

"நான் கம்பெனி சார்பா..."

"சார்பா எல்லாம் வேணாம். அம்மன் சார்பா நான் பேசுனப்போ ஒத்துக்கிட்டீங்களா? கம்பெனிய வரச் சொல்லுங்க."

கம்பெனிக்கு உடம்பு கிடையாதும்மா, வாயும் கிடையாது, அது ஒரு பதிவு பண்ணின பெயர், அவ்வளவுதான், என்று வெய் கெஞ்சினார். உடம்பு இல்லாதது எப்படிப் புண்படும் என்று அத்தை கேட்டார். புண்படாதது எப்படித் தடை போடும் என்று கேட்டார். அப்படியானால் கம்பெனி என்பது வெறும் காகிதம் என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள், சரக்கு அறையில் வைத்து அனுப்பிவிடலாம் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. குழந்தையைத் தூக்கிக் காட்டினேன், பாட்டியைப் பார் என்று.

பெருமை கொஞ்ச நேரம்தான் இருந்தது. அத்தை நிறுத்தவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தார்கள். அவர் தலை வணங்கியது போதாது, ஆழம் குறைவு என்று அத்தை மறுபடியும் வணங்கச் சொன்னார். அவர் மன்னிப்பைப் படித்தார். அதில் நேர்ந்திருக்கக்கூடிய என்று ஒரு சொல் இருந்தது. அதை எடுத்துவிட்டு வரச் சொன்னார் அத்தை. எடுத்துவிட்டு வந்தார். இப்போது யாரிடம் மன்னிப்பு என்று தெளிவாக இல்லை என்றார் அத்தை. சிரித்த முகம், அழுத முகம் அட்டை ஒன்றை அத்தை யி-ஜுனிடம் வாங்கித் தன் சட்டையில் குத்திக்கொண்டு, அழுத பக்கத்தையே காட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான், குழந்தையோடு நான் வெளியே நின்றபோது, பயணி ஒருவர் காற்று நின்றுவிட்டது, சாயங்காலம் கப்பல் விடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு போனார். நான் உள்ளே போய் அத்தையின் காதருகில் குனிந்து, கப்பல் போகுதாம் அத்தை, கிளம்பினா ராத்திரிக்குள்ள ஊருக்குப் போயிடலாம் என்றேன்.

"விசாரணை நடக்குது தெரியல? குறுக்க பேசாத," என்றார் அத்தை. தலையைத் திருப்பாமலே சொன்னார்.

நான் சொன்னது காதில் விழுந்த வெய், முறையீடு முடியும் வரை அம்மன் இங்கே இருக்க வேண்டுமே என்று கேட்டார். முறையீடு செய்கிற கம்பெனிதான் நேரில் இருக்க வேண்டும், தீர்ப்புச் சொல்கிறவள் இருக்க வேண்டியதில்லை என்று அத்தை தீர்த்துவைத்தார். அதை நான் கேட்டுக்கொண்டேன். எல்லாரும் மன்னிப்பின் மூன்றாம் பத்தியில் குனிந்திருந்தபோது, மேசை ஓரத்தில் கிடந்த கட்டையை எடுத்தேன். சத்தம் வராமல் என் சால்வை மேல் போட்டேன். என்னோடு கப்பலில் வர்றீங்களா? சரி என்றாள். இன்னும் இரண்டு தடவை போட்டேன். யோசிக்கவே இல்லை அவள்.

குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டேன். அதுவரை குழந்தை இருந்த, மார்பில் மாட்டும் பையில் அம்மனை வைத்தேன். காலிச் சிவப்புப் பெட்டியை மூடி அவள் இருந்த நாற்காலியில் வைத்தேன். நான் கதவைத் தாண்டும்போது தலைமை அலுவலகப் பெரியவர் பெட்டிக்கு முன்னால் மிக ஆழமாக வணங்கிக்கொண்டிருந்தார். இப்பதான் சரியா இருக்கு, என்று அத்தை சொன்னது காதில் விழுந்தது.

கப்பலில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. டிக்கெட் கிழிப்பவர் பையைப் பார்த்துக் கும்பிட்டார், எனக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார். கப்பலில் ஏறியதும் அத்தைக்கு எத்தனையோ தடவை போன் செய்தேன். போனை அணைத்து வைத்திருந்தார்.

எங்கள் துறைமுகத்தில் ஓங் நின்றிருந்தார், கமிட்டிப் பட்டையைத் தோளில் குறுக்கே மாட்டிக்கொண்டு. பையில் அம்மனைப் பார்த்ததும் அந்தப் பெரிய உடம்போடு மண்டி போட்டுக் கும்பிட்டார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, தலைவர் எங்கே என்றார். வேலையாக இருக்கிறார் என்றேன்.

"தலைவர் கையில போன அம்மன் தலைவர் கையிலதான் வரணும். நீ யாரு?"

"மருமக."

"விதியில மருமகன்னு ஒரு வார்த்தையே இல்லம்மா. தலைவர் வராம கோயில் கதவு தெறக்க முடியாது."

அம்மனை நான் எங்கே வைப்பது என்று கேட்டேன். அது கமிட்டியின் வேலை இல்லை என்றார்.

அதனால் அம்மன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சமையலறை மேசையில், சோறு ஆக்கும் குக்கருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். இரவு நன்றாகத் தூங்கினோம்.

விடிந்தால் பிறந்த நாள். மேளம், சிங்க ஆட்டம், வெடி எல்லாம் முன்பே பேசி வைத்தது, நிறுத்த முடியாது. ஆகவே ஊர்வலம் குறித்த நேரத்தில் கிளம்பியது. ஓங் முன்னால் நடந்தார். பின்னால் காலிப் பல்லக்கை எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு, எப்போதும் போல இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு, பாரம் தாங்காத மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். தெருவில் நின்றவர்கள் பல்லக்குக்குக் கும்பிட்டார்கள். கும்பிட்டு முடித்ததும் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுப் பின்கதவுக்கு வந்தார்கள்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பிறகு படகுக்காரர்கள். குழந்தை தூங்குகிறாள், மெதுவாக என்று மட்டும்தான் நான் சொன்னேன். கூட்டம் அதிகமானதால் ஒவ்வொருவராக என்றேன். மீன் கையோடு ஒருவர் வந்தார், கழுவிவிட்டு வரச் சொன்னேன். ஒருவர் உள்ளே போனால் வெளியே வரவில்லை, ரொம்பக் கேள்வி கேட்டார். அதனால் ஒரு ஆளுக்கு ஒரு கேள்வி என்று ஆக்கினேன். வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டேன். பிறகு ஸ்டூலில் நானே உட்கார்ந்துகொண்டேன். எல்லாரும் நான் சொன்னபடி நின்றார்கள். இதற்கு முன் என் பேச்சை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

மத்தியானத்துக்கு மேல் விமானம் வந்தது. அத்தை முழு வெற்றியோடு வந்தார். கம்பெனியின் பெரியவர் வாய் நோக மன்னிப்புக் கேட்டாராம். அம்மனுக்கு ஆயுள் முழுக்க ஜன்னல் இருக்கை தருவதாக எழுதிக்கொடுத்தார்களாம். யாருடைய ஆயுள் என்று கேட்டு அதையும் திருத்தி வாங்கினாராம். கடலுக்கு மேல் பறக்கும்போது, ஊர் தெரிகிறது பாருங்கள் அம்மா என்று அத்தை பெட்டியைத் திறந்திருக்கிறார். உடனே மூடிவிட்டு, இறங்கும் வரை காலிப் பெட்டியின் மேல் கையை வைத்தபடியே இருந்தார் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

பொழுது சாய்வதற்குள் அம்மன் பல்லக்கில் ஏறினாள். என் அத்தை கையால்தான் ஏறினாள். துறைமுகத்துக்குப் போனாள், படகுகளைப் பார்த்தாள், படகுக்காரர்களும் கணவாய்க்குக் கிளம்பிப் போனார்கள். குறை ஒன்றும் இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அத்தை விமானத் தளத்திலிருந்து யாரோ ஒருவர் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்திருக்கிறார். தலை கலைந்து, அழுத முகம் அட்டையைச் சட்டையிலிருந்து எடுக்க மறந்து, மூச்சு இரைக்க, தன் வீட்டுப் பின்கதவில் ஒரு காலை வைத்தார். உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

"வரிசை அந்தப் பக்கம்," என்றேன்.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அத்தை வைத்த காலை எடுத்தார். கோழிக்கூட்டைத் தாண்டி, வலை காயப்போட்ட இடத்தைத் தாண்டி, வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்கு முன்னால், கமிட்டிப் பட்டையைச் சுருட்டிப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு, ஓங் நின்றிருந்தார்.

"நீ தலைவிதானே, நேரா உள்ள போக வேண்டியதுதானே?" என்றார் ஓங்.

"நீங்க கமிட்டிதானே, நீங்க போக வேண்டியதுதானே?"

"கேட்டுப் பாத்தேன். எல்லாரும் வரிசையிலதான் வரணுமாம், ஆளுக்கு ஒரு கேள்வியாம்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெதுவா பேசு. உள்ள குழந்தை தூங்குது, உன் மருமக சும்மா விட மாட்டா."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு ஒரு அடி முன்னால் நகர்ந்தார்.